நாவற்பழ வகுப்பு

காட்டு முயல்குட்டிகளுக்கு மஞ்சமூக்கி என்ற மைனாதான் டீச்சர். ஒருநாள் அவள் ஊருக்குள் பறந்துபோய், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஜன்னலில் உட்கார்ந்து பாடம் கேட்டாள்.

"சரியான விடைக்குப் பரிசு கொடுங்கள். பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். ஆனால்..." என்றார் பேராசிரியர்.

'ஆனால்' வருவதற்குள் மஞ்சமூக்கி பறந்துவிட்டாள். அவளுக்கு அவ்வளவு அவசரம்!

மறுநாளே வகுப்பு களைகட்டியது.

"நரி வந்தா எங்கே ஓடணும்?"

"கள்ளிப் புதர் வளைக்குள்ளே!"

"சபாஷ்! ஆளுக்கு ஒரு நாவற்பழம்!"

வாயெல்லாம் ஊதா நிறமாகக் குட்டிகள் கத்தின. ஏன் அந்த வளை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் பழம் கிடைக்காதே! மஞ்சமூக்கிக்கோ பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் பழம் தீர்ந்துபோய்விட்டது. பறித்துவர மஞ்சமூக்கி பறந்துபோனாள். திரும்பி வந்தால், குட்டிகள் ஏற்கெனவே மென்றுகொண்டிருந்தன.

"பழம் ஏதுடா?"

"புதர் குடுத்துச்சு டீச்சர்! நரி வந்தா எங்கே ஓடுவீங்கன்னு கேட்டுச்சு. எல்லாரும் கரெக்டா சொன்னோம்!"

புதர் எங்கேயாவது பேசுமா! மஞ்சமூக்கி கிளை உச்சிக்குப் பறந்துபோய்ப் பார்த்தாள். கள்ளிப் புதருக்குள், வளை வாசலிலேயே, ஒரு நரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு ஊளை விட்டால் போதும், குட்டிகள் தாமாகவே அதன் வாய்க்குள் போய் விழும்!

'பாவி, நானே சொல்லிக்கொடுத்துட்டேனே!' என்று தவித்தாள். இறங்கிவந்து குட்டிகளிடம் கிசுகிசுத்தாள்.

"வளை வாசல்ல நரி! இப்ப என்ன செய்யலாம்?"

"சொன்னா பழம் உண்டா டீச்சர்?"

"பழமும் கிடையாது, எனக்கு விடையும் தெரியாது!"

டீச்சருக்கே தெரியாதா! குட்டிகளின் காதுகள் சட்டென்று நிமிர்ந்தன. பழம் மறந்துபோனது.

"நாம கத்துறதைக் கேட்டுத்தானே நரி அங்கே காத்திருக்கு?" என்றது துடுக்கி என்ற குட்டி.

"அப்போ வேற இடத்தைச் சொல்லிக் கத்துவோம்!" என்றது இன்னொன்று.

"நூலகம்!" என்றன எல்லாமே.

பக்கத்துக் குகையில் ஓலைகளை அடுக்கிவைத்து நூலகம் நடத்துகிறவள் முள்ளம்பன்றி. இலை உதிர்ந்தாலே, "யாரது சத்தம்?" என்று சிலிர்த்துக்கொள்வாள்.

மஞ்சமூக்கி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பிள்ளைகளா! பாடம் மாறிப்போச்சு! இனிமே நரி வந்தா எங்கே ஓடணும்?"

"நூலகக் குகைக்குள்ளே!"

அவ்வளவுதான். முந்திப்போய்க் காத்திருக்கலாம் என்று நரி எழுந்து ஓசைப்படாமல் குகைக்கு ஓடியது. யோசிக்கவே இல்லை. இருட்டில் கால் தடுக்கி, ஓலைக் கட்டுகள் சடசடவென்று சரிந்தன.

"நூலகத்தில் என்ன சத்தம்!"

"ஐயோ! அம்மா! மூக்கு!"

மூக்கு நிறைய முட்களோடு நரி அடுத்த காட்டுக்கே ஓட்டமெடுத்தது. குட்டிகள் வயிறு வலிக்கச் சிரித்தன. மஞ்சமூக்கியும் சேர்ந்து சிரித்தாள். அவள் பறித்துவந்த பழங்கள் அப்படியே கிடந்தன. ஒருத்தரும் தொடவில்லை.

"டீச்சர், டீச்சர்! இதே மாதிரி விடை தெரியாத கேள்வி இன்னொண்ணு கேளுங்க!" என்று குட்டிகள் அவளைச் சூழ்ந்துகொண்டன.

பரிசுக்காக ஒப்பிக்கும் பாடம் பகைவனுக்கும் உதவிவிடும். ஆபத்தில் கைகொடுப்பது நாமே யோசித்துக் கண்டுபிடித்த விடைதான்.