மேலத்தெருக் குடிலுக்கு ஒரு ரேடியம் வானம்

மேலத்தெருவின் கிறிஸ்துமஸ் குடில் போன வருஷப் போட்டியில் தோற்றதற்குக் காரணம் மின்வெட்டு என்பது அந்தத் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நடுவர்கள் மூன்று பேரும் வந்து குனிந்த அதே நிமிஷத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமிக் கிளம்புவதற்குள் அவர்கள் கீழத்தெருவுக்கு நடையைக் கட்டிவிட்டார்கள். தொடர்ந்து நாலாவது தோல்வி.

குடில் கமிட்டித் தலைவர் அருளப்பனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது கீழத்தெருவில். சம்பந்திதான் அங்கே கமிட்டித் தலைவர். "இனி ஒரு தடவை தோத்தா உம்ம வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்" என்று போன வருஷம் ஊரார் முன்னால் அவரிடம் வீறாப்பாகச் சொல்லித் தொலைத்துவிட்டார் அருளப்பன். இப்போது மகளுக்கு நிறைமாதம், பிரசவமும் அங்கேயேதான். பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் குடில் ஜெயித்தாக வேண்டும்.

இந்த நிலைமையில்தான், ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடியிருந்த கோயில் ஹாலுக்குள் 'ரேடியம்' பாக்கியநாதன் வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஸ்டிக்கர் கடை வைத்து, பைக்குக்கு நம்பரும் லாரிக்குப் பின்னால் சிவப்புப் பட்டையும் ஒட்டுகிறவர். கக்கத்தில் சாக்கு சுற்றிய ஒரு பலகை இருந்தது. குடிலுக்குள் ரேடியம் பெயிண்டில் வானம் வரைந்து தருகிறேன், கரண்ட் போனால்தான் அது முழிக்கும் என்றார். இதற்கு முன்னால் வரைந்திருக்கிறீரா என்று அருளப்பன் கேட்டதுதான் தாமதம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் மார்த்தாண்டத்தில் ஒரு துபாய்க்காரர் வீடு. படுக்கையறைக் கூரை முழுக்க நட்சத்திரம். விளக்கை அணைத்தால் கண் கூசி, புருஷனும் பெண்டாட்டியும் குடை பிடித்துக்கொண்டு தூங்கினார்களாம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த சேவல் ஒன்பது மணிக்கே கூவ ஆரம்பித்து, விடிவதற்குள் தொண்டை போய்விட்டது. வேறு வழியில்லாமல் அதைக் குழம்பு வைத்தார்கள். குழம்பும் லேசாக மின்னியதாம்.

"கொழம்பு எப்படிவே மின்னும்?" என்றார் இன்னாசி. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிச்சம் சம்பந்தமாக யார் எதைச் சொன்னாலும் நம்பாதவர்.

"ராத்திரி பூரா அந்த வெளிச்சத்தப் பாத்துக்கிட்டுல்லா நின்னுச்சு" என்றார் பாக்கியநாதன், இதுகூடத் தெரியாதா என்கிற தோரணையில்.

அடுத்தது ஒரு விசைப்படகு. அதன் பக்கவாட்டில் அவர் வரைந்தது ஒரே ஒரு நெய்மீன். கடலில் உள்ள நெய்மீன்கள் எல்லாம் பெண் பார்க்க வந்த கூட்டம் மாதிரி படகுக்குப் பின்னாலேயே வரிசையாகக் கரைக்கு வந்து, ஏலம் போடுகிற இடம் எது என்று தேடினவாம். வலையை அவிழ்க்கவே இல்லை. எத்தனை மீன் என்று கேட்டார் இன்னாசி. அவ்வளவு மரியாதையாக வந்ததுகளை எண்ணிக்கொண்டு நிற்க மனசு வரவில்லை என்றார் பாக்கியநாதன்.

அப்புறம் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் முழு நிலா ஒன்று வரைந்தார். கடல் ஏமாந்துபோய் லாட்ஜைப் பார்த்துப் பொங்கி, ரெண்டாவது மாடிப்படி வரைக்கும் ஏறி, ரூம் கேட்கிற மாதிரி நின்றதாம். நிஜ நிலா பாதி எழும்பி வந்து பார்த்தது. இங்கே ஏற்கெனவே ஆள் போட்டாச்சு போல என்று நினைத்துத் திரும்பி இறங்கிவிட்டது. அந்த மாசம் பௌர்ணமியே கிடையாது.

"காலண்டர்ல போட்டிருந்துச்சே" என்றார் இன்னாசி.

"காலண்டர் அடிக்கவன் முந்தின வருசமே அடிச்சிருதான். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?"

புளுகு என்று அருளப்பனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மனசு கிடந்து தவித்தது. இதில் நூற்றில் ஒரு பங்கு நிஜமாக இருந்தாலும் பேரப்பிள்ளையைத் தூக்கிவிடலாமே. சாக்கை அவிழ்க்கச் சொன்னார். கதவையும் ஜன்னல்களையும் அடைத்து, வெளிச்சம் வந்த சந்துகளில் சணல் பாயைத் தொங்கவிட்டார்கள். ஹால் கும்மிருட்டானது.

பலகை மின்னவில்லை. யாரோ இருமினார்கள்.

"வெயில்ல வச்சீரா?" என்று இன்னாசியின் குரல் கேட்டது.

"வெயில்லயா? நெறம் போயிருமே. கடையில ஸ்டிக்கர் எல்லாத்தையும் பொத்தித்தான் வப்பேன். இது ஒரு மாசமா டிரங்குப் பெட்டியில பத்திரமா இருந்துச்சு."

அந்தப் பெயிண்ட் வெளிச்சத்தைக் குடித்தால்தான் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், டப்பாவிலேயே எழுதியிருக்கும் என்று இன்னாசி பொறுமையாக விளக்கினார். அருளப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாக்கியநாதன் மட்டும் அசரவில்லை. இருட்டுக்குள் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். அவசரப்படாதீங்க, உங்க கண்ணு பழகணும். மேல பாருங்க, நட்சத்திரம் தெரியுதா, அதோட வாலு கிழக்க சாஞ்சிருக்கு. கீழ மணல். அதுல மூணு ராஜாக்கள் வாறாங்க. முன்னால வாற ஒட்டகத்துக்குக் கால்ல முள்ளு, அதான் நொண்டுது. அந்தா, தொழுவத்துல மாதா பிள்ளைக்குப் போர்வைய இழுத்து விடுதா. ஒட்டகம் இப்போ இந்தப் பக்கமாத்தான் வருது.

இன்னாசி ஒட்டகத்துக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அருளப்பனின் முழங்காலில் அந்தக் கால் இடித்தது. அவரும் அப்போது நகர்ந்துகொண்டுதான் இருந்தார்.

ஜன்னலைத் திறந்தபோது, பலகையில் கோணலாக ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தது. கமிட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெயிண்டு வேண்டாம் பாக்கியம். நீரு மட்டும் வாரும்" என்றார். "நடுவர்மாரு வந்து குனியும்போது கரண்டு போகும். நீரு குடிலுக்குப் பக்கத்துல நின்னு இதே மாதிரி சொல்லும்."

"கரண்டு போகலன்னா அண்ணாச்சி?"

அருளப்பன் இன்னாசியைப் பார்த்தார்.

"பீஸைப் புடுங்க முப்பது வருச சர்வீஸ் உள்ள ஆளு நம்மகிட்ட இருக்காரு."