காற்று கூடிய நாள் யாருடையது?

தமயந்திக்கு ஒரு நாள் வர வேண்டியிருந்தது. அதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்தவர் திருடன் இல்லை. படகுப் பயிற்சி ஆசிரியர். சிரித்துக்கொண்டே எடுத்தார். அதுதான் கொடுமை.

மேற்குக் கரையில் ஒரு பயிற்சி. ஐந்து பேர் ஒரு வாரம் பாய்மரப் படகிலேயே தங்கி, அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி, கடலோடக் கற்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாள் ஸ்கிப்பர். அன்றைக்குப் படகு அவர் சொல்கிறபடிதான் போகும். ஆசிரியரே ஆனாலும் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

தமயந்தியின் நாளில் காலையிலேயே காற்று கூடியது.

"இன்னிக்கு வேண்டாம் சிஸ்டர். நானே பாத்துக்கறேன். நீங்க சமையலைக் கவனிங்க" என்றார் ஆசிரியர்.

மறுநாள் காற்று இன்னும் கூடியது. அது விவேகானந்தன் என்ற பையனின் முறை. அவனிடம் யாரும் சமையலைப் பற்றிப் பேசவில்லை. சுக்கானைக் கொடுத்தார்கள்.

கடைசி நாளில் எல்லோருக்கும் ஒரே சான்றிதழ். தமயந்திக்கும் தேர்ச்சி. ஓட்டாத படகுக்குத் தேர்ச்சி!

அந்தக் கோபத்தோடுதான் அவள் தூத்துக்குடியில் பெர்னதெத்தின் படகில் வந்து ஏறி, நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

பெர்னதெத்துக்கு இருபத்தாறு வயது. தமயந்திக்கு முப்பத்தெட்டு. ஆனால் தமயந்திக்குப் பாய் ஏற்றக் கற்றுக்கொடுத்தவள் பெர்னதெத். அதனால் மூத்தவள் இளையவளை 'மாஸ்டர்' என்பாள். மாஸ்டர் அவளை 'அக்கா' என்பாள்.

"மாஸ்டர், அடுத்தது ஆழ்கடல் பயிற்சி. எட்டு நாள், கரையே கண்ணுல படாது. ரெண்டு பள்ளி பாத்து வச்சிருக்கேன். எதுல சேரட்டும்?"

"ஆழ்கடல் எதுக்குக்கா?"

"அந்தமானுக்குப் போகணும். யாரோ கூட்டிட்டுப் போய் இல்ல. நான் நாலு பேரைக் கூட்டிட்டு."

பெர்னதெத் தலையசைத்தாள்.

"ஒரு பள்ளியில படகு நாற்பத்திரண்டு அடி. இன்னொண்ணுல முப்பத்தாறு. பெரிய படகுக்காரங்க சான்றிதழ் வெளிநாட்டுலயும் செல்லும். சின்னப் படகுக்காரங்க சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை போடல" என்று அடுக்கினாள் தமயந்தி.

"அந்த ஆள் உங்க நாளை எடுத்தப்ப நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"என்ன சொல்ல? அவர்தானே கேப்டன்."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"சாம்பார் வச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"சாம்பார்."

"நல்லாத்தான் இருந்துச்சு! அஞ்சு பேரும் ரெண்டாந்தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க! இப்ப அதுவா முக்கியம்?"

பெர்னதெத் எழுந்தாள். படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

"வாங்க, ஒரு சுத்துப் போயிட்டு வருவோம். நீங்க சுக்கானைப் பிடிங்க."

தமயந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் அவள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர் கவுன்சிலரே ஆனாலும் அரை மணி நேரம் சண்டை போட்டு, வெறுங்கையோடு அனுப்பிவிடுவாள். வாயில்லாத பெண் என்று அவளை ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

துறைமுகத்தைத் தாண்டியதும் பெர்னதெத் சொன்னாள்: "கொஞ்சம் இடது."

தமயந்தி இடதுபக்கம் திருப்பினாள்.

"இன்னும் இடது."

திருப்பினாள். முன்னால் தண்ணீரின் நிறம் வெளுத்தது. ஆழம் காட்டும் மீட்டர் ஐந்து என்றது. நான்கு என்றது. தமயந்தி மீட்டரைப் பார்த்தாள். குருவைப் பார்த்தாள். குரு பையைத் திறந்து மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இடதுதானா மாஸ்டர்?"

"இடதுதான்."

மூன்று. இரண்டு.

படகு மணல்திட்டில் மெத்தென்று ஏறி நின்றது.

தமயந்தி ஓடிப்போய் முன்பாயை இறக்கினாள். அவசரத்தில் பாயின் கயிறு நழுவிக் கடலில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

"மாஸ்டர்! தரை தட்டிருச்சு!"

"ஆமா. மக்ரூன் சாப்பிடறீங்களா?"

"நீங்கதானே இடதுன்னு சொன்னீங்க!"

"சொன்னேன். மீட்டர் என்ன சொல்லுச்சு?"

"அது… நீங்க இத்தனை வருஷமா இந்தக் கடல்ல ஓட்டுறீங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுதுன்னு நினைச்சேன்."

"மணலுக்கு அதெல்லாம் தெரியாதேக்கா."

தமயந்திக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஓ! அப்ப தப்பு என்னோடது, அப்படித்தானே? அந்த ஆள் என் நாளைப் பிடுங்கினதும் என் தப்பு? நான் வாயைத் திறக்காததாலதான் எல்லாம்? எல்லாரும் கடைசியில இங்கதான் வந்து நிக்கிறீங்க!"

"இல்ல" என்றாள் பெர்னதெத். முதல்முறையாக அவள் குரல் கூர்மையாக இருந்தது. "அவன் செஞ்சது அநியாயம். அதுல உங்க பங்கு கடுகளவும் கிடையாது. எவன் முன்னாடி வேணா நான் இதைச் சொல்லுவேன்."

"பின்னே?"

"அந்தமானுக்கு நாலு பேரைக் கூட்டிட்டுப் போறேன்னீங்க. அந்த நாலு பேருல நானும் இருந்து, இடதுன்னு சொன்னா?"

தமயந்தி ஒரு மக்ரூனை எடுத்துக் கடித்தாள்.

மக்ரூன் தீர்ந்தது. தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மீன்பிடிப் படகு பக்கத்தில் வந்தது. அதில் இருந்தவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார்.

"என்ன மாஸ்டரம்மா, திட்டுல வீடு கட்டப் போறியளோ?"

"கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லி அனுப்புதேன், வந்துருங்க!" என்றாள் பெர்னதெத்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் படகின் அடி மணலை விட்டு லேசாக அசைந்தது.

"எஞ்சினைப் போடுங்கக்கா. படகைப் பின்னால எடுத்துருவோம்."

தமயந்தியின் கை சாவிக்குப் போனது. அங்கேயே நின்றது. அவள் படகின் ஓரத்தை எட்டிப் பார்த்தாள்.

"போட மாட்டேன்."

"என்னது?"

"பாய்க்கயிறு தண்ணியில கிடக்கு. இப்பப் போட்டா எஞ்சின் விசிறியில சுத்திக்கும்."

"நான்தானேக்கா குரு?"

"குருவாவே இருங்க, யாரு வேண்டாம்னா? அதுக்காகக் கயிறு தானா மேல ஏறி வந்துருமா? எழுந்து போய் அதை இழுங்க முதல்ல!"

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

பெர்னதெத் எழுந்துபோனாள். ஈரக் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்துச் சுருட்டி வைத்தாள். கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "இழுத்தாச்சு" என்றாள்.

தமயந்தி எஞ்சினைப் போட்டாள். படகு பின்வாங்கி ஆழத்துக்கு வந்தது. மீட்டர் ஆறு காட்டியதும் எஞ்சினை அணைத்தாள். யாரும் அவளை அணைக்கச் சொல்லவில்லை.

"அப்ப எந்தப் பள்ளி மாஸ்டர்?"

"எனக்கெப்படித் தெரியும்? அவங்களைக் கேளுங்க."

"எல்லாம் கேட்டாச்சே. அடி, சான்றிதழ், சாப்பாடு…"

பெர்னதெத் இறக்கிய பாயின் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

தமயந்தி வெகுநேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரிய படகுக்காரர்களை அழைத்தாள்.

"சார், ஆளுக்கு ஒரு நாள் ஸ்கிப்பர்னு போட்டிருக்கீங்க. என் முறை வர்ற அன்னிக்குக் காத்து கூடிருச்சுன்னா என்ன செய்வீங்க?"

"நீங்க பயப்படவே வேண்டாம் மேடம். எங்க மாஸ்டர் எடுத்துக்குவார். லேடீஸ்னா நாங்க தனி கவனம்."

"நான் பயப்படறேன்னு எப்பச் சொன்னேன்?"

"இல்ல மேடம், உங்க பாதுகாப்புக்காக…"

"ஆம்பளைங்க முறையில காத்து கூடினா அவங்களைப் பாதுகாக்க மாட்டீங்களா? பாவம் இல்லையா அவங்க? கடல்ல விழுந்தா அவங்க மட்டும் மிதப்பாங்களா? எட்டு நாள்ல ஒண்ணு என் நாள்னு பேர் சொல்லிப் பணம் வாங்கிக்கிட்டு, காத்தில்லாத நாளை மட்டும் எனக்குக் கொடுப்பீங்க. அதுக்கு நான் குளத்துல பரிசல் விட்டுக்கறேன் சார்!"

வைத்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. பெர்னதெத் கண்ணைத் திறக்கவில்லை. உதட்டோரம் மட்டும் அசைந்தது.

அடுத்து சின்னப் படகுக்காரர்களை அழைத்தாள். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தது ஓர் ஆண் குரல். பின்னால் யாரோ எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

"எட்டு நாள் பயிற்சியில என் நாள்னு ஒண்ணு வரும்ல?"

"வரும்."

"நான் உள்ளே படுத்துத் தூங்கிட்டிருக்கேன்னு வச்சுக்கோங்க. காத்து எக்கச்சக்கமாக் கூடுது. அப்ப என்ன செய்வீங்க?"

சுத்தியல் நின்றது.

"இதென்னம்மா கேள்வி?" என்றது அந்தக் குரல், எரிச்சலோடு. "உங்களை எழுப்புவோம்."