பத்துக் கொட்டைப் பட்டம்

ஏரிக்கரைக் காட்டில் ஒரு நாவல் மரம். அதில் அணிலாரும் அவர் மனைவி அணிலம்மாவும் மூன்று குட்டிகளோடு குடியிருந்தார்கள்.

அணிலாருக்கு ஒரு பெரிய ஆசை. மலைக்காட்டுக் கரடிகளிடம் வாதாங்கொட்டை விற்று, அங்கிருந்து தேன் வாங்கி வந்து இங்கே விற்க வேண்டும். அதற்கு முதலில் அயல்காட்டு வணிகம் படித்துப் பட்டம் வாங்க வேண்டும்!

பொந்தில் இருந்த கொட்டைகளில் முப்பதுதான் படிப்புக்கு. மீதி மழைக்காலத்துக்கு. அதில் கை வைத்தால் குட்டிகள் பட்டினி கிடக்கும்.

ஒருநாள் அணிலார் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“கேட்டியா சேதி! நரியார் அக்கரையில காலேஜ் திறந்திருக்காராம். பட்டப் படிப்புக்குப் பத்தே கொட்டை! நம்ம நீர்நாய் டீச்சர் அதே படிப்புக்கு முப்பது கேக்கிறாங்க. பகல் கொள்ளை!”

“பத்துல எல்லாம் முடிஞ்சிடுமாங்க?”

“உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்!”

“சரி, நானும் வரேன்” என்று சொல்லி, அணிலம்மா முப்பது கொட்டைகளையும் மூட்டை கட்டினார்.

நரி இக்கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது.

“வாங்க தம்பி, வாங்க! முகத்துலயே வியாபாரக் களை தெரியுதே!”

அணிலாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அணிலம்மா மூட்டையை நரியின் முன்னால் வைத்தார்.

“நரி அண்ணே, பத்து எதுக்கு? முப்பதாவே வாங்கிக்குங்க!”

“அடியே, உனக்கென்ன பைத்தியமா?” என்று பதறினார் அணிலார். நரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

“ஒண்ணே ஒண்ணு, அண்ணே. இவரை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போய், தங்க வெச்சு, சாப்பாடு போட்டு, பட்டத்தோட எங்க மரத்தடியில கொண்டாந்து விட்டுடணும். அப்புறம் ஒரு கொட்டைகூடக் கேக்கக் கூடாது. சரிதானே?”

நரி துள்ளி எழுந்தது.

“முப்பதுக்கா? ஆமைக்குப் படகுக் கூலி யாரு தருவா? வளை வாடகை? சாப்பாடு? பரீட்சைக் கட்டணம்? பட்டத்துக்கு முத்திரை? அறுபதுக்குக் குறைஞ்சா எனக்குக் கட்டுப்படி ஆகாது!”

சொன்ன பிறகுதான் நரி வாயைப் பொத்திக்கொண்டது. அணிலாரின் வால் தொங்கிப் போயிற்று. குட்டிகளின் மழைக்காலத்தை அல்லவா தொலைக்கப் பார்த்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இருவரும் நீர்நாய் டீச்சரிடம் போனார்கள். தங்கல், சாப்பாடு, பட்டம் எல்லாம் முப்பதிலேயே முடியுமா என்று அணிலம்மா கேட்டார்.

“முப்பதுன்னா முப்பதுதாம்மா! கரையோட நடந்தே வந்துடலாம். தங்கறதுக்கு அத்தி மரம் இருக்கு, பழமும் அதுலயே இருக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார் டீச்சர்.

அணிலார் நரி சேதியை ஒன்றுவிடாமல் சொன்னார். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“நரி வாயிலேருந்தே கணக்கை வாங்கிட்டாளா? அப்போ வியாபாரம் படிக்க வேண்டியது இவதான்! நீங்க அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

அணிலாரின் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, குட்டிகளை நான் பார்த்துக்கிறேன். நீ படி!” என்றார்.

மழையும் வந்தது. குட்டிகள் வயிறாரச் சாப்பிட்டன. அடுத்த மழைக்கோ, படிப்பை முடித்த அம்மா மலைக்காட்டிலிருந்து கொண்டுவந்த தேனில் கொட்டையைத் தொட்டுத் தொட்டுத் தின்றன. பட்டம் எங்கே மாட்டியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை!

நீதி: ஒரு படிப்பு மலிவா என்பதைச் சேரும்போது கேட்கும் கட்டணத்தை வைத்து முடிவு செய்யாமல், படித்து முடித்து வீடு திரும்பும்வரை ஆகும் மொத்தச் செலவை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.