கேடயம் பிடித்த மகாயா

எங்கேயோ கடல் தாண்டி, ஜூலு சனங்க நாட்டுல, ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு மகாயான்னு ஒரு காவக்காரன். ராசா வெட்டவெளியில உக்காந்து வழக்கு கேப்பாரு, மகாயா பின்னாடி நின்னு, ஆளுயர மாட்டுத்தோல் கேடயத்தை ரெண்டு கையாலயும் தூக்கி அவருக்கு நிழல் பிடிப்பான். சபை கலையற வரைக்கும் அதைக் கீழ வைக்கக் கூடாதாம். நேத்தும் பிடிச்சான், இன்னிக்கும் பிடிச்சான், நாளைக்கும் பிடிக்கணும். தோளு ரெண்டும் விட்டுப்போச்சு பாவம், என் முழங்கால் மாதிரி.

ராசாவோட தம்பி துமாவுக்குப் பட்டத்து மேல கண்ணு. "அண்ணே, ஊரே உங்க முன்னாடி உக்காருது, இவன் மட்டும் நிக்கிறான், திமிரைப் பாத்தீங்களா? கேடயத்தை எங்கிட்ட குடுங்க"ன்னான். ராசாவும் யோசிக்கல. "மகாயா, போய்க் கூட்டத்துல உக்காரு"ன்னுட்டாரு. அவனுக்கு மனசு ஒடிஞ்சுபோச்சு. ஆனா உக்காந்ததும் அப்பாடான்னும் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

அப்புறம் கீழேருந்து நிமிந்து பாத்தா, கேடயத்துக்குப் பின்னாடி துமா குட்டை ஈட்டி ஒண்ணைச் சொருகி வச்சிருக்கான்! சபை முடியறப்போ எல்லாரும் தலையைத் தரையில வச்சுக் கும்பிடுவாங்கல்ல, அப்பக் குத்தலாம்னு துமா காத்திருக்கான். கத்தினா உடனே குத்திருவான். என்ன செய்வான் மகாயா?

"ராசா, எனக்கும் ஒரு வழக்கு. என் பசுவைக் காணோம்."

"சொல்லு."

வழக்கு சொல்றவனை ராசாவே ஆனாலும் நடுவுல நிறுத்தக் கூடாது, அது அங்க முறை. மகாயா பசுவோட தாயைச் சொன்னான், தாயோட தாயைச் சொன்னான், அதுக்கும் தாயைச் சொன்னான். வெயில் உச்சிக்கு வந்துச்சு, பேசினான். சாஞ்சுச்சு, பேசினான். சனங்க கொட்டாவி விட்டாங்க, அப்பவும் பேசினான்.

"சீக்கிரம் முடிடா!"ன்னு துமா பல்லைக் கடிச்சான்.

"பொறுங்க சாமி, காணாமப்போன பசு இன்னும் பொறக்கவே இல்லியே."

ஒருவழியா முடிச்சான். எல்லாரும் குனிஞ்சாங்க. துமா ஈட்டியை உருவப் பாத்தான், விரல் மடங்கல. கேடயம் பொத்துன்னு விழுந்துச்சு, ஈட்டி ராசா காலடிக்கு உருண்டு வந்துச்சு. அப்புறமென்ன, துமாவை எல்லை தாண்டி வெறுங்கையோட விரட்டிட்டாங்க.

ராசா தலைகுனிஞ்சு, "உன் பசுவைத் தேடித் தரேன் மகாயா"ன்னாரு.

"பசுவே இல்லீங்க ராசா. உங்க தம்பி கை மரத்துப்போகணும்ல, அதுக்குத்தான்."

"என் புத்தி கெட்டுப்போச்சு. கேடயத்தை எடுத்துக்கப்பா."

"எடுத்துக்கறேன். நாளைக்கு. இன்னிக்குக் கொஞ்சம் உக்காந்துக்கறேனே."

ராசாவும் பொழுது அடையற வரைக்கும் வெயில்லயே அவன் பக்கத்துல உக்காந்திருந்தாரு.

நம்மளைக் காக்கிறவங்க அசந்துபோறதையும் பாக்கணும், கண்ணுகளா. கதை அங்க போச்சு, தூக்கம் இங்க வந்துச்சு. காலை அமுக்கிவிட்டுட்டுப் படுங்க.