கோபத்தோடு போட்ட டிக்

கல் குவாரிகளில் கிரேன்களைச் சோதித்துச் சான்று தருவது மெஹருன்னிசாவின் வேலை. வயது முப்பத்தாறு. அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர் திம்மராயன். வயது ஐம்பத்திரண்டு, இருபது வருஷம் கிரேன் ஓட்டியவர். மீசை நரைத்தவனுக்குப் பொம்பளை வாத்தியாரா என்று குவாரியில் கேலி பேசினார்கள். திம்மராயன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, திம்மராயன் கொதித்துக்கொண்டு ஆபீஸ் ஷெட்டுக்குள் வந்தார். கையிலிருந்த சோதனைத் தாளை மேஜைமேல் வீசினார்.

"நான் இந்த வேலைய விட்டுடறேன் மேடம்."

"என்ன ஆச்சுண்ணா?"

"கிரேன் கயிறைப் பாக்கணும், ஒரு மணி நேரம் நிறுத்துங்கன்னு கேட்டேன். அந்த மேனேஜர் அத்தனை பேர் முன்னாடி கத்தறான். மூணு வருஷமா இந்தக் கயிறுக்கு என்ன ஆயிடுச்சு, நேத்துதானே கிரீஸ் பூசினோம், பளபளன்னு இருக்குதில்ல, டிக்கைப் போட்டுட்டுப் போய்யாங்கறான். நான் என்ன ரப்பர் ஸ்டாம்பா?"

அவர் கேட்டது நியாயம்தான். குழி எண்பது அடி ஆழம். அடியில் ஒன்பது பேர் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரும்புக் கயிறு அவர்கள் தலைக்கு மேலேதான் இருபது டன் கல்லைத் தூக்கிக்கொண்டு போகும். இதுவரை யாரும் சாகவில்லை என்பதையே சான்றிதழாக நீட்டுகிற மனிதனை என்ன சொல்லித் திட்டுவது?

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

திம்மராயனின் குரல் இறங்கியது. "டிக் போட்டேன்."

மெஹருன்னிசா அவரையே பார்த்தார்.

"சும்மா போடல மேடம். கடுங்கோபத்தோடதான் போட்டேன். எப்படி அழுத்தியிருக்கேன் பாருங்க, தாளே கிழிஞ்சிருக்கு."

வெளியே கிரேன் மோட்டார் உறுமியது. தாளில் டிக் விழுந்துவிட்டதே, பிறகு எதற்காகக் காத்திருப்பார்கள்?

மெஹருன்னிசா எழுந்து ஓடினார். விசில் ஊதினார். அந்தரத்தில் இருந்த கல் மெதுவாக வந்து கரையில் உட்காரும்வரை மூச்சுவிடவில்லை. பிறகு கயிற்றைத் தளர்த்தித் தரையில் நீளமாகப் போடவைத்து, மோட்டாரை அணைக்கச் சொன்னார். குழிக்குள் இருந்தவர்களை ஏணி வழியே மேலே வரச் சொன்னார்.

"அண்ணா, உங்க துண்டைக் குடுங்க."

தோளில் கிடந்த துண்டை திம்மராயன் கொடுத்தார். மெஹருன்னிசா அதன் ஒரு முனையால் கிரீஸை வழித்தார். மறுமுனையைக் கயிற்றில் சுற்றி மெல்ல இழுத்துக்கொண்டே நடந்தார். ஆறாவது அடியில் துண்டு மாட்டிக்கொண்டது. இழுத்தார். நூல் நூலாகக் கிழிந்து வந்தது. கிரீஸுக்கு அடியில் அறுந்த கம்பிகள் முள்போல நீட்டிக்கொண்டிருந்தன. திம்மராயன் எண்ணினார். ஒரு சாண் நீளத்துக்குள் பதினொன்று. ஆறு அறுந்தாலே அந்தக் கயிற்றைக் கழற்றி எறிய வேண்டும்.

மேலே ஏறி வந்தவர்களில் ஒருவர் கயிற்றைப் பார்த்தார். அண்ணாந்து கிரேனைப் பார்த்தார். அப்படியே தரையில் குந்திவிட்டார்.

மேனேஜர் ஓடி வந்தார். "லாரி நிக்குது! யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? நஷ்டத்துக்கு உங்க அப்பனா பதில் சொல்லுவான்?"

மெஹருன்னிசா புதுத் தாள் ஒன்றை எடுத்தார். கயிறு என்றிருந்த கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினார். அந்தத் தாள் இருக்கும்வரை கிரேன் அசையாது, அது மேனேஜருக்கும் தெரியும். தாளை வாங்காமலே, வாயில் வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டுப் போனார்.

திம்மராயனுக்குப் பொறுக்கவில்லை.

"அவ்வளவு பேசறான், உங்களுக்குக் கோபமே வராதா மேடம்?"

"வராம இருக்குமாண்ணா?"



"அப்ப ஏன் ஒரு வார்த்தைகூடத் திருப்பிக் கேக்கல?"

மெஹருன்னிசா தாளிலிருந்த பெருக்கல் குறியைத் தொட்டுக் காட்டினார்.

"இருந்த கோபத்தையெல்லாம் இந்தக் கட்டத்துல போட்டுட்டேன்ணா. நீங்க இங்க மட்டும் அவனுக்குச் சரின்னு சொல்லிட்டு, மிச்ச கோபத்தை என்கிட்ட கொண்டுவந்தீங்க."