ஓடும் மிளா ஏன் நின்று திரும்பிப் பார்க்கிறது

அந்தக் காலத்தில், மலையின் பாதத்தைக் கடல் வந்து நனைத்துக்கொண்டிருந்த காலத்தில், மழை ஒருமுறை பிடித்தால் விடுவதற்கு மறந்துவிடும். ஆற்று மீன் வழி தவறி மரத்தில் ஏறும். ஏறி மரங்கொத்தியிடம் வழி கேட்கும். மரங்கொத்தியும் மரியாதையாகச் சொல்லி அனுப்பும். அப்போது எல்லா உயிருக்கும் பேச்சு உண்டு. அட்டைக்குக்கூட உண்டு. "கொஞ்சம் பொறுத்துக்கிடும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கடிக்கும்.

அந்தக் காட்டில் ஒரு மிளா இருந்தது. கடமான் என்று சொல்கிறார்களே, அந்தப் பெரிய மான்தான். இதுவோ பெரியவற்றிலும் பெரியது. அதன் கொம்பில் மேகம் சிக்கிக்கொண்டால், தலையை ஒரு உலுக்கு உலுக்கும். கீழே மழை பெய்யும். ஆனால் திரும்பிப் பார்க்கிற வழக்கம் மட்டும் அதற்குக் கிடையாது. ஒரு சுள்ளி முறிந்தால் போதும், எடுத்த ஓட்டம் கடற்கரை மணலில்தான் போய் முடியும். செங்குத்துச் சரிவு, பாசிப் பாறை, எதுவானாலும் ஒரு கல் உருளாமல் இறங்கும். அவ்வளவு பெரிய உடம்பு தனக்குள் எப்படி நுழைந்து போனது என்று புதருக்கே தெரியாது.

அந்த மலையில் பூதத்தான் என்று ஒரு வேட்டைக்காரன். ஓடுகிற மிளாவைப் பிடிக்க முடியாது, நிற்கிற மிளாவிடம்தான் போய்ச் சேர வேண்டும் என்று கண்டுபிடித்தவன் அவன். மூங்கில் குழாயில் இலவம்பஞ்சு வைத்திருப்பான். ஒரு பிசிறு எடுத்து ஊதிவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பான். வெயில் ஏற ஏறக் காற்று மலையில் ஏறும், மனுஷ வாடையையும் மேலே கொண்டுபோய்விடும். அதனால் காலையில் அவன் உச்சிக்குப் போய்விட்டு மேலிருந்து கீழே வருவான். மழை கொட்டும்போது நடப்பான், மழை விட்டால் மரமாகிவிடுவான். பாதத்தின் ஓரத்தை முதலில் ஊன்றி, அடியில் சுள்ளி இல்லை என்று தெரிந்த பிறகுதான் உடம்பின் பாரத்தை இறக்குவான்.

"முழு மிளாவைத் தேடுகிறவன் மரத்தைத்தான் பார்ப்பான். ஒரு காது ஆடுதான்னு பாருங்க, போதும்" என்பான்.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. மண்ணுக்குள் கிழங்கெல்லாம் அழுகிப்போயிற்று. தேனடைகளை வெள்ளம் கொண்டு போயிற்று. பூதத்தானின் பிள்ளைகள் பசியில் அழுது அழுது, ஒரு நாள் அழுவதையும் நிறுத்திவிட்டன. அழுகிற பிள்ளையைத் தூக்கிச் சமாதானம் சொல்லலாம். அழாத பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

"இன்னிக்கு வெறுங்கையோட வராதேயும்" என்றாள் அவன் பெண்டாட்டி சடச்சி.

பூதத்தான் உச்சிக்கு ஏறினான். பஞ்சை ஊதினான், மழையோடு மழையாக இறங்கினான். மழை ஓய்ந்த நேரம், புல்வெளி ஓரத்தில் ஒரு காது ஆடியது. பிறகு ஒரு கொம்பு. பிறகு மிளா முழுதாக வெளியே வந்து, உடம்பை உலுக்கி ஈரத்தை உதறியது. பூதத்தான் மூச்சை அடக்கி வில்லை வளைத்தான். பிள்ளைகள் பிழைத்துவிட்டன என்றே நினைத்தான்.

அப்போது அவன் காலடியிலிருந்து ஒரு குரல்: "கொஞ்சம் பொறுத்துக்கிடும்."

அட்டை!

மிளாவின் காது விறைத்தது. அடுத்த கணம் புல்வெளி வெறிச்சென்று கிடந்தது. ஓடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், பசியில் புத்தி கெட்டு அதன் பின்னால் ஓடினான். பாசிப் பாறை அவனுக்காகவே காத்திருந்தது. சறுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினான். கீழே காட்டாறு உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி! மிளா அண்ணாச்சி! விழுந்துட்டேன்!"

மிளா நின்றது. அது பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தது.

"என்னவே இது?" என்றது. "விரட்டினதும் நீரு. இப்போ நிக்கச் சொல்லுததும் நீரா?"

"தப்புதான் அண்ணாச்சி. கை வழுக்குது."

"நான் வந்து தூக்கணும். தூக்கின பெறகு நீரு என்னைச் சுட்டுத் திங்கணும். அப்படித்தானே?"

"அதைத் தூக்கின பெறகு பேசிக்கிடலாமே!"

மிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிட்டே வந்து கொம்பை நீட்டியது. பூதத்தான் அதைப் பற்றிக்கொண்டான். ஒரே உலுக்கு, மேகத்தை உதறுகிற மாதிரி. மேலே வந்து விழுந்தான்.

வில் தோளில்தான் இருந்தது. மிளா கைக்கெட்டும் தூரத்தில். பூதத்தான் அதன் தொடையைப் பார்த்தான், விலாவைப் பார்த்தான்.

"என்ன, அளவெடுக்கீரா?"

பூதத்தான் தலையைக் குனிந்துகொண்டான். "பிள்ளைங்க பட்டினி அண்ணாச்சி."

"அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே! செங்குத்துச் சரிவுக்குப் போய்த் தோண்டும். அங்கே தண்ணி நிக்காது, கிழங்கு அழுகாது. நடக்கச் சோம்பல்பட்டுச் சமதரையிலயே தோண்டிக்கிட்டு, மழையைத் திட்டுதீங்க."

தொடைப் பருமனில் கிழங்கு கிடைத்தது. சுமந்துகொண்டு வீடு போய் நடந்ததைச் சொன்னான். சடச்சி கிழங்கைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "வெறுங்கையோட வராதேயும்னு சொன்னேன். இன்னிக்கு உம்மையே அதுதான் எனக்குக் கொடுத்து அனுப்பியிருக்கு" என்று சொல்லி, அடுப்புப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் தேறின. ஆனால் சடச்சியின் தம்பி மூக்காண்டி என்று ஒருவன் அந்த வீட்டில் இருந்தான். நடக்கச் சொன்னால் கால் வலிக்கும். தின்னச் சொன்னால் வலி போய்விடும்.

"கிழங்கு தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு அத்தான்" என்றான். "மிளா கூப்பிட்டா வருமாமே. பெறகு எதுக்கு உச்சிக்கு ஏறணும், பஞ்சு ஊதணும்?"

"ஏலே, அது கூப்பிட்டதுக்கு வரலே. விழுந்ததுக்கு வந்துது."

"அப்போ விழுந்துட்டாப் போச்சு!"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று பூதத்தான் சிரித்துவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டான்.

மூக்காண்டி அதே பள்ளத்துக்குப் போனான். விளிம்புக்கு மேலே பாறையில் சொகுசாகப் படுத்துக்கொண்டான். வில்லை உடம்புக்கு அடியில் மறைத்துவைத்து, "அய்யோ! விழுந்துட்டேன்! யாராவது வாங்களேன்!" என்று அலறினான்.

சரிவின் மேலிருந்து மிளா இறங்கி வந்தது. ஓடியே வந்தது. "பயப்படாதேயும், பிடியை விட்டுராதேயும், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கொம்பை நீட்டியது.

மூக்காண்டி எய்தான்.

அவன் எய்த அம்பு என்றைக்குத்தான் ஒழுங்காய்ப் போனது? நெஞ்சுக்கு வைத்தது தொண்டையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. எய்த வேகத்தில் பாறையும் அவனை உதறிவிட்டது. சறுக்கினான். அதே வேர் கைக்கு அகப்பட்டது. அதே காட்டாறு கீழே.

"அய்யோ! விழுந்துட்டேன்!" என்று கத்தினான். அந்த வார்த்தையைத்தான் சற்று முன்னாலும் கத்தியிருந்தான் என்று அவனுக்கே உறைத்தது. "இது நெசம் அண்ணாச்சி! சத்தியமா இது நெசம்!"

நாலு பாய்ச்சல் போயிருந்த மிளா நின்றது. திரும்பிப் பார்த்தது. கழுத்திலிருந்து இரத்தம் சொட்டியது. நெசமா என்று கேட்க வாயைத் திறந்தது, வார்த்தை வரவில்லை. கேட்க முடியாத ஆத்திரத்தில் முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டியது. மறுபடியும் தட்டியது.

அது போய்விட்டிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொல்லியிருக்க மாட்டேன். கிட்டே போக அதற்கு இனி மனம் வரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. வேர் மண்ணிலிருந்து பெயர்ந்துகொண்டிருந்தது.

மிளா தலையைத் தூக்கி, கிழிந்த தொண்டையில் மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டி ஒரு சத்தம் போட்டது. "பாங்!"

மலை அதிர்ந்தது. இன்னொரு தடவை, "பாங்!" ஒவ்வொரு சத்தத்துக்கும் காயம் இன்னும் கொஞ்சம் கிழிந்தது. அது நிறுத்தவில்லை. சரிவில் தோண்டிக்கொண்டிருந்த பூதத்தான், இதென்ன கேட்டறியாத குரல் என்று கிழங்கைப் போட்டுவிட்டு வந்தான். மச்சினனின் கையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டான்.

மூக்காண்டி எழுந்து நிற்கிற வரைக்கும் மிளா பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு ஒரு தடவை காலைத் தட்டிவிட்டுக் காட்டுக்குள் போயிற்று. "அண்ணாச்சி!" என்று பூதத்தான் கூப்பிட்டான். தரையில் கிடந்த அம்பும் அதன் நுனியிலிருந்த இரத்தமும் அவன் கண்ணில் பட்டன. நடந்தது விளங்கிவிட்டது. தன் தோளிலிருந்த வில்லைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"இழுத்தது நீரு அத்தான்" என்றான் மூக்காண்டி. "கூப்பிட்டது அது." அதற்குப் பிறகு அவன் வாய்ச்சவடால் பேசி யாரும் கேட்டதில்லை. இதையெல்லாம் காலடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அட்டையும், பேச்சினால் வந்த வினை போதும் என்று அன்றோடு வாயை மூடிக்கொண்டது. இப்போதெல்லாம் சொல்லாமலேதான் கடிக்கிறது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது: மிளாவின் தொண்டைக்குக் கீழே மயிர் உதிர்ந்து ஒரு செம்புண் இருக்கிறது, மழைக்காலம் வந்தால் அது ஈரமாய்க் கசிகிறது. காட்டில் மிளாவைக் கலைத்தால் நாலு பாய்ச்சல் ஓடி நிற்கிறது, திரும்பிப் பார்க்கிறது, காலைத் தட்டுகிறது, "பாங்" என்று கத்துகிறது. விவரம் தெரிந்த வேட்டைக்காரன் அந்தச் சமயத்தில் வில்லைத் தாழ்த்திவிடுவான். தெரியாதவன், மிளா பயத்தில் விறைத்து நிற்கிறது என்று நினைத்துக்கொள்வான். அத்தனையும் பட்ட பிறகும் அது நின்று பார்ப்பது, பின்னால் வந்தவன் எங்கேயாவது விழுந்து கிடக்கிறானா என்றுதான்.