துண்டுக்கு அடியில் நிழல்

மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தே தலை நரைத்தவர் கருமலையான். வாய்தான் அவருக்கு முதல். கோபம் அதற்கு வட்டி. சேர்த்ததையெல்லாம் போட்டு ஒரு புஞ்சை வாங்கி மிளகாய் நட்டார்.

நட்ட பிறகுதான் காலம் கோணியது. மழை தன் மாதத்தை மறந்தது. தையிலேயே அனல் காற்று வீசியது. பிடித்த பூவெல்லாம் உதிர்ந்து செடிகள் வெறுமனே நின்றபோது, உதிராத புஞ்சை ஒன்றுதான் இருந்தது. அது முத்திருளாயியுடையது. அவள் செடி வரிசைகளுக்கு இடையிடையே மரம் வளர்த்திருந்தாள்.

வயதில் தன்னைவிடச் சிறியவள் என்றும் பார்க்காமல் அவள் முன்னால் போய் நின்றார்.

"இன்னையிலருந்து நீதான் குரு."

"இதுக்கும் தரகு ஏதும் கேப்பீகளோ?" என்றாள் அவள்.

அவள் சொன்னபடி புங்கங்கன்றுகளை வரிசை பிடித்து நட்டார். கன்றுகள் மரமாயின. மரத்தை ஒட்டிய செடிகள் நோஞ்சானாயின.

ஒருநாள் காலையில் ஆள் அனுப்பி அவளை வரவழைத்தார். வரப்பில் இரண்டு பேர் உட்கார்ந்து கோடரி தீட்டிக்கொண்டிருந்தார்கள். டீ வாங்கப் போனவனுக்காகக் காத்திருந்தார்கள்.

"குருவே, ஒரே கேள்வி" என்றார் கருமலையான். "அந்தச் செடியப் பாரு. காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச பிள்ளை மாதிரி நிக்குது. இந்த வருசமும் காய் கொறைஞ்சா, நான் மறுபடி அடுத்தவன் மாட்டுக் கயித்தைத்தான் பிடிக்கணும். இந்த நெழலு வெளைச்சலைத் திங்கிறதைத் தவிர வேற என்ன வேலை பாக்குது?"

அவள் மரங்களைப் பார்த்தாள்.

"வெட்டப் போறீகளாண்ணே?"

"டீ குடிச்ச கையோட."

"அப்ப நெழலு சும்மாதான போகப்போகுது. எனக்கு வித்துருங்க."

"எதை?"

"நெழலைத்தான். மரம் இங்கனயே நிக்கட்டும். என் ஆடு வந்து படுத்துக்கிரும். வருசத்துக்கு இத்தனை மூட்டை வத்தல்னு தந்துர்றேன்."

கருமலையான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினாள்.

சந்தையில் விலையை விரல்தான் பேசும், துண்டுக்கு அடியில். வாய் சரக்கை மட்டும் பேசும். நீட்டிய கையைத் தட்டியவனோடு மறு சந்தையில் யாரும் பேச மாட்டார்கள். கருமலையான் கையை உள்ளே விட்டார்.

ஒரே ஒரு விரலைப் பிடித்தாள்; ஒரு மூட்டை. அவர் முகம் சிவந்தது.

"பிச்சையா போடுறே?"

"ஓட்டை நெழலுண்ணே. ஊடால வெயில் ஒழுகுது."

"ஒழுகணும் தாயி. ஒழுகாட்டி கீழ என்ன மொளைக்கும்? மண்ணைத் தோண்டிப் பாரு. நகக்கண்ணு போறதுக்குள்ள ஈரம் தட்டும். எதுத்த புஞ்சையில கடப்பாரை இறங்காது."

இரண்டு விரல்களைப் பிடித்தாள்.

"செடி நோஞ்சானா நிக்குதே."

"ஓரத்து வரிசை நிக்கும். உள்ள போய்ப் பாரு. போன வாரம் அடிச்ச அனல்ல சுத்துவட்டாரமே பூவக் கொட்டிருச்சு. இங்க வந்த காத்து மரத்துல முட்டி, மூச்சு வாங்கித்தான் உள்ள நொழைஞ்சது. எம் பூ நின்னுச்சு."

மூன்று விரல்.

"குப்பையா எலை கொட்டுது."

"குப்பைங்காத. அதை மிதிச்சு மண்ணுல மூடுறதுனாலதான் எரு வண்டிக்காரன் என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறான்."

அவள் கை முழுவதையும் பிடித்தாள். கருமலையான் உதறினார்.

"கட்டாது. இப்படிச் சரக்கைப் பாக்கத் தெரியாதவகிட்ட நான் விக்கிறதில்ல."

"எனக்கும் கட்டாதுண்ணே. இதுக்கு மேல பிடிக்க ஒங்க கையில விரல் இல்ல."

துண்டை மடித்து அவர் தோளிலேயே போட்டாள்.

இதற்குள் டீ வந்து, குடித்தும் ஆகிவிட்டது. மரம் வெட்டுகிறவர்களில் ஒருவன் கோடரியோடு எழுந்தான்.

"எந்த மரத்துல ஆரம்பிக்கட்டும் முதலாளி?"

கருமலையான் தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இவனுக்கு என்னத்தச் சொல்ல, குருவே?"

"எங்கிட்டச் சொன்னதை அப்படியே அவுககிட்டயும் சொல்லுங்கண்ணே" என்றாள் முத்திருளாயி. "சொல்லி முடிச்சிட்டு, வெட்டச் சொல்லுங்க."